புதுமைப்பித்தனைப் போல வேலையை விட்டுவிடலாமா?

மறைந்த எழுத்தாளர்களில் யாருடைய எழுத்தும் வாழ்க்கையும் புதிதாக எழுத வருகிறவனுக்கு உந்துதல் தரும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்குக் கீழே இரண்டு வரி சேர்த்திருக்கிறீர்கள்: வங்கியில் ஏழு ஆண்டாக வேலை, இதுவரை நான்கு கதைகள் அச்சாகியிருக்கின்றன, புதுமைப்பித்தனைப் போல எல்லாவற்றையும் உதறிவிட்டு எழுத்தில் இறங்கினால்தான் பெரிதாக ஏதாவது வரும் என்று தோன்றுகிறது. உங்கள் உண்மையான கேள்வி அந்த இரண்டு வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பட்டியல் கேட்கிறவர் யாரும் மாதச் சம்பளத்தைப் பற்றிச் சொல்வதில்லை. கஷ்டப்படாமல் நல்ல எழுத்து வருமா, வராதா? இதைத்தான் கேட்கிறீர்கள். அதற்கே பதில் சொல்கிறேன். பெயர்கள் வழியில் வரும்.

நான் பேராசிரியர் இல்லை. இருபத்தாறு ஆண்டுகள் புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்தியவன், சொந்தமாக இரண்டு சிறுகதைத் தொகுப்பு போட்டவன். புரூஃப் பார்க்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு. வாசகன் கதையைப் படிப்பான், விமர்சகன் கருத்தைப் படிப்பான், நாங்கள் எழுத்து எழுத்தாகப் படிப்போம். ஒரு பதினாறு பக்க ஃபாரத்தை மூன்று முறை பார்த்து முடிக்கும்போது அந்த எழுத்தாளர் எந்த இடத்தில் மூச்சு வாங்கினார், எந்த இடத்தில் அவசரப்பட்டார் என்பது ஓரளவு தெரிந்துவிடும். உரைநடை பற்றி மட்டும்தான் இப்படிச் சொல்லுவேன். கவிதையில் என் கண் அவ்வளவு நம்பத் தகுந்ததல்ல, ஆகவே கவிஞர்களை இங்கே தொடவில்லை.

இன்னொரு தகுதியும் எனக்கு உண்டு, அது பெருமைக்குரியதல்ல. இருபத்து நான்கு வயதில் நீங்கள் யோசிப்பதை நான் செய்தேன். கணக்கர் வேலையை விட்டுவிட்டு, மாடியில் ஓர் அறை எடுத்து, மேஜைக்கு மேலே புதுமைப்பித்தனின் படத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பதினோரு மாதத்தில் எழுதியவை இரண்டு கதைகள். அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. முன்பக்கத்தில் கதை, அதையே திருப்பிப் பிடித்தால் பின்பக்கத்திலிருந்து கடன் கணக்கு: பால், அறை வாடகை, நண்பனிடம் வாங்கிய நாற்பது ரூபாய். கதையைவிடக் கணக்கு ஒன்பது பக்கம் அதிகம். கையெழுத்தும் கணக்கில்தான் தெளிவாக இருக்கிறது.

அந்தப் படத்தில் இருந்தவரிடமே வருவோம். அவரைப் பற்றி உறுதியாகத் தெரிந்தவை இவை. புதுமைப்பித்தன் என்கிற சொ. விருத்தாசலம் 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார், 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் காசநோயால் இறந்தார். வயது 42. ஏறக்குறைய நூறு கதைகள். அவற்றில் பெரும்பாலானவை 1934க்கும் 1946க்கும் இடையில் எழுதப்பட்டவை. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் அவர் ‘தினமணி’யில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சம்பளம் தாராளமானது என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் அது மாதாமாதம் வந்த சம்பளம். 1943இல் அங்கிருந்து ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கத்தோடு வெளியேறியவர்களில் அவரும் ஒருவர். அப்போதும் மாடி அறைக்குப் போகவில்லை, ‘தினசரி’ என்ற இன்னொரு நாளிதழுக்குத்தான் போனார்.

‘சாப விமோசனம்’, ‘செல்லம்மாள்’, ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ மூன்றும் வெளிவந்தது அதே 1943இல்தான். ஒரு மொழி தலையில் வைத்துக் கொண்டாடக்கூடிய மூன்று கதைகள் ஒரே ஆண்டில், ஒரு பத்திரிகை ஊழியரின் கையிலிருந்து வந்திருக்கின்றன. நீங்களும் நானும் மனத்தில் வைத்துக்கொண்டிருக்கும் அந்த இருமும் உருவம், பூனாவுக்குப் போய் ‘ராஜமுக்தி’ படத்துக்கு வசனம் எழுதி உடல் நொடித்துப் போன மனிதர், கடைசி ஓராண்டுக்காரர். அந்த ஓராண்டில் கதைகள் அநேகமாக நின்றுபோய்விட்டன. மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள்தான் இருக்கின்றன. அவை புத்தகமாகக் கிடைக்கின்றன, படித்துப் பாருங்கள். பணம் அனுப்ப முடியாத தவிப்பும் உடம்பைப் பற்றிய கவலையும் பக்கம் பக்கமாக வரும். நோயும் பணமில்லாமையும் அவரைக் கதை எழுதவிடவில்லை என்பதற்கு அவர் கையாலேயே எழுதிய சாட்சி அது.

நோய் வராமல் இருந்திருந்தால் இன்னும் என்ன எழுதியிருப்பார் என்பது வெறும் ஊகம்; அதை வைத்து நான் வாதாடமாட்டேன். ஆனால் வறுமைதான் அவரை எழுத வைத்தது என்பதை ஊகம் என்றுகூட ஒப்புக்கொள்ளமாட்டேன். அது நம்முடைய ஆசை.

‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ எப்படித் தொடங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற இடத்தில் பிள்ளையவர்கள் நின்று தீவிரமாக யோசித்துக்கொண்டிருக்கிறார். எதை? டிராமில் போனால் எவ்வளவு மிஞ்சும், மிஞ்சுகிற காசுக்கு வெற்றிலை பாக்குப் போட்டுக்கொண்டு நடந்துவிடலாமா என்பதை. கடவுள் அதற்குப் பிறகுதான் வருகிறார். வந்தவரைப் பிள்ளை காப்பி சாப்பிட அழைத்துப் போகிறார், தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா சேர்க்கவும் பார்க்கிறார். டிராமுக்கும் பஸ்ஸுக்கும் இடையே காலணாவுக்காக நின்று கணக்குப் போட்ட ஒருவர்தான் இதை எழுத முடியும். அந்த முனையில் தினமும் நின்றவர்கள் அலுவலகம் போய் வந்தவர்கள். அவருடைய கிண்டலுக்குத் தீனி போட்டது அந்தப் போக்குவரத்துதான். உங்கள் வங்கிக் கவுன்டருக்கு முன்னால் தினமும் எத்தனை கந்தசாமிப் பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

வங்கி என்றதும் லா.ச. ராமாமிர்தத்தைச் சொல்லாமல் போனால் தப்பு. பஞ்சாப் நேஷனல் வங்கியில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். தமிழ் உரைநடையை மந்திரம்போல ஒலிக்க வைத்த ‘அபிதா’ நாவலின் ஆசிரியர் காலையில் லெட்ஜரைத் திறந்தவர் என்பது பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கு அது பெரிய ஆறுதல். நெருப்பு என்று எழுதினால் வாய் வேக வேண்டும் என்று அவர் சொன்னதாக ஒரு வாக்கியம் எல்லா மேடையிலும் ஒலிக்கிறது. சொல் மாறி மாறிப் புழங்குவதால் இப்படியேதான் சொன்னாரா என்று சத்தியம் செய்யமாட்டேன். அவருடைய ஒரு பக்கத்தைப் புரூஃப் பார்த்தவனுக்கு அந்தச் சந்தேகம் முக்கியமில்லை. ஒரு காற்புள்ளியை இடம் மாற்றினால் வாக்கியம் சுருதி விலகிவிடும். கணக்கு டாலி ஆகாமல் எழுந்து போகாத பழக்கம் அந்த வாக்கியங்களிலும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். இது என் மனப்பிராந்தியாகவும் இருக்கலாம்.

இளைஞர்கள் அடுத்துச் சொல்லும் பெயர் ஜி. நாகராஜன். குடி, விடுதிகள், தெரு, மதுரை அரசு மருத்துவமனையில் 1981இல் முடிந்துபோன வாழ்க்கை. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் கண்களில் ஒரு பளபளப்பு வரும். எனக்கு எரிச்சல் வரும். அவர் கணிதம் கற்பித்தவர், அதுவும் நன்றாகக் கற்பித்தவர். ‘நாளை மற்றுமொரு நாளே’ கந்தன் என்பவனின் ஒரே ஒரு நாள். காலையில் தொடங்கி அந்த நாளோடு முடிகிறது. அவனுடைய முந்தைய வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு நாளுக்குள் இடம் பார்த்து உட்கார வைக்கப்பட்டிருக்கிறது. போதையில் கை போன போக்கில் எழுதினால் அந்தக் கட்டுமானம் வராது. கணக்கு வாத்தியார் எழுதிய நாவல் அது. குடி அவரிடமிருந்து என்னென்ன பிடுங்கியது என்பதற்கு ஒரே அளவுகோல் அவர் விட்டுச் சென்ற பக்கங்களின் எண்ணிக்கை: இரண்டு சிறிய நாவல்கள், சில பத்துக் கதைகள்.

என்னிடம் யாருடைய வாழ்க்கையைப் பார்த்து எழுதக் கற்றாய் என்று கேட்டால் அசோகமித்திரன் என்பேன். சம்பவங்கள் குறைந்த வாழ்க்கை. 1931இல் செகந்திராபாத்தில் பிறந்தார். அப்பா இறந்த பிறகு இருபத்தோரு வயதில் சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டூடியோவில் சேர்ந்தார். அங்கே அவர் செய்த வேலை என்ன தெரியுமா? செய்தித்தாள்களில் வரும் செய்திகளை வெட்டிக் கோப்புகளில் சேர்த்து வைப்பது. அறைக்குள் வருகிறவர்களுக்கெல்லாம் அவர் வேலையில்லாமல் காகிதம் கிழித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றுமாம். இதை அவரே எழுதியிருக்கிறார், இன்று பள்ளிப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. பதினான்கு ஆண்டுகள் அந்த மேஜையில் உட்கார்ந்து, நட்சத்திரங்களையும் எடுபிடிகளையும் ஒரே உயரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு 1966இல் வெளியே வந்தார். அதன் பிறகு நிரந்தர வேலை இல்லை. இறக்கும்வரை எழுத்துதான், அது 2017இல்.

‘ஆகா, அவர் வேலையை விட்டாரே’ என்று சொல்லப் போகிறீர்கள். விட்டார். ஆனால் பதினான்கு ஆண்டுகளின் சரக்கோடு விட்டார். சினிமா உலகத்தைப் பற்றிய ‘கரைந்த நிழல்கள்’ நாவல் அந்த மேஜையிலிருந்து வந்தது. விட்ட பிறகு வாழ்ந்த வாழ்க்கையும் அவர் எழுத்தைப் போலவே சிக்கனமானது. வீட்டில் இடம் போதாமல் தியாகராய நகரின் பூங்காவில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். பக்கத்தில் யாரோ வேர்க்கடலை தின்றுகொண்டிருக்க, பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க ஒரு மனிதர் மடியில் காகிதம் வைத்து எழுதுகிறார். மாடி அறை எடுத்த எனக்கு அதைப் படித்தபோது காது சுட்டது.

அவருடைய ‘புலிக்கலைஞன்’ கதையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஒரு சினிமா கம்பெனியில் வேலை அதிகமில்லாத ஒரு பிற்பகல். வேஷம் கேட்டு ஒருவன் வருகிறான், பெயர் காதர். அவனுக்குத் தெரிந்தது புலி ஆட்டம். அலுவலகத்தில் இருப்பவர்கள் தட்டிக் கழிக்கப் பார்க்கிறார்கள். அவன் புலி முகத்தை மாட்டிக்கொண்ட அடுத்த நொடி அந்த அறையில் மனிதன் இல்லை, புலிதான் இருக்கிறது. பாய்கிறது, தாவுகிறது, பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு மூச்சு நின்றுவிடுகிறது. ஆட்டம் முடிகிறது. முகத்தைக் கழற்றியதும் மறுபடி அதே காதர், குடும்பம் பசியில் இருக்கிறது என்று கெஞ்சுகிற காதர். பிறகு உண்மையாகவே அவனுக்கு ஒரு வாய்ப்பு வரும்போது கடிதம் போடுகிறார்கள். கடிதம் திரும்பி வருகிறது.

இந்தக் கதையை என் கையால் படியெடுத்திருக்கிறேன், இரண்டு முறை. பார்க்க வேண்டியது இதுதான்: புலி பாயும் இடத்திலும் கடிதம் திரும்பி வரும் இடத்திலும் வாக்கியங்களின் குரல் ஒன்றேதான். ‘ஐயோ’ என்று ஒரு சொல் கிடையாது. என்னைப் போன்றவர்கள் எழுதியிருந்தால் கடிதம் திரும்பிய இடத்தில் ஒரு பத்தி அழுதிருப்போம், கலைஞனைச் சமூகம் எப்படிக் கைவிடுகிறது என்று ஒரு பத்தி இடித்துரைத்திருப்போம். கோப்பில் செய்தி வெட்டி ஒட்டியவரின் கை அது, ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறது. ஒன்றை மட்டும் எச்சரித்துவிடுகிறேன். இந்தத் தட்டையான குரலைப் பார்த்து எழுதுவது சுலபம்போல் தெரியும். அப்படி எழுதிய கதைகள் மாதத்துக்கு இரண்டு என் மேஜைக்கு வந்தன. அவற்றில் குரல் இருந்தது, புலி இல்லை.

அவரிடம் நான் எடுத்துக்கொண்ட இன்னொன்று காத்திருத்தல். நிஜாமை ஆதரித்த ரஜாக்கர்கள் என்ற ஆயுதக் கூட்டம், 1948இல் ஹைதராபாத்துக்குள் இந்தியப் படை நுழைந்தது, எல்லாவற்றையும் பதினேழு வயதில் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். அதை நாவலாக்கிய ‘18வது அட்சக்கோடு’ வந்தது 1977இல். இருபத்தொன்பது ஆண்டுகள். நாமோ போன மாதம் நடந்ததை இந்த மாதம் கதையாக்கி அடுத்த மாதம் தொகுப்பில் சேர்த்துவிடுகிறோம்.

நேரமாகிவிட்டது என்ற கவலை உங்களுக்கு இருப்பதும் தெரிகிறது. அதற்கு கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவலுக்குப் போக வேண்டும். ஒரே ஊரில், ஏறக்குறைய ஒரே வயதில் இரண்டு நண்பர்கள். கு. அழகிரிசாமி சீக்கிரமே எழுத வந்தார். பத்திரிகை வேலை, மலேயாவில் ‘தமிழ் நேசன்’, கம்பனில் பதிப்பு வேலை, இத்தனைக்கும் நடுவே கதைகள், 1970இல் 46 வயதில் முடிந்துபோனார். கி. ராஜநாராயணன் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ‘மாயமான்’ ‘சரஸ்வதி’யில் வந்தது 1958இல், வயது முப்பத்தைந்தை ஒட்டி. அதற்குப் பிறகுதான் ‘கோபல்ல கிராமம்’, கரிசல் வட்டாரத்துக்கு ஒரு சொல்லகராதி, அறுபது வயதுக்கு மேல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி எல்லாம். மழைக்காகத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினேன், ஒதுங்கியும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தன் படிப்பைப் பற்றிச் சொன்னவர் அவர். 2021 மே மாதம் அவர் மறைந்தபோது அரசு மரியாதையோடு இடைசெவலில்தான் அடக்கம் செய்தார்கள்.

இவர்களில் யார் பாதை சரி என்று கேட்டால் சிரிப்பேன். அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ ஒன்று போதும், நாற்பத்தாறு வயது குறைவில்லை என்று சொல்ல. தீபாவளி நேரத்தில் குழந்தைகள் ஒருவருக்கொருவர் போட்டி போட்டுப் பேசிக்கொள்வதுதான் கதையில் பாதி. எங்கள் வீட்டுக்கு ராஜா வந்திருக்கிறார் என்று பணக்காரப் பையன் பீற்றிக்கொள்கிறான். ஏழை வீட்டுப் பெண் மங்கம்மாளின் வீட்டுக்கும் ஒரு ராஜா வந்திருக்கிறான். அது சிரங்கும் கந்தலுமாகத் தெருவில் வந்த அநாதைச் சிறுவனின் பெயர். அவளுடைய அம்மா அவனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, கணவனுக்கென்று வைத்திருந்த துண்டை எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். அந்தத் துண்டைக் கொடுக்கும் முன் அவள் தயங்குகிற இடத்தைப் படியுங்கள். அவள் தெய்வமாகிவிடாமல் ஓர் ஏழைத் தாயாகவே இருப்பது அந்தத் தயக்கத்தால்தான்.

ஆண்களின் பெயராகவே சொல்லிக்கொண்டு போகிறேன் என்பது தெரிகிறது. ராஜம் கிருஷ்ணனுக்கு என்னைப் போன்றவர்கள் நீண்ட காலம் உரிய இடம் கொடுக்கவில்லை. அவர் வாக்கியங்களில் சங்கீதம் இல்லை என்று சொல்லித் தள்ளினோம். பதினைந்து வயதில் திருமணம், கல்லூரிப் படிப்பு கிடையாது. ஆனால் எழுதப் போகும் இடத்துக்கு நேரில் போனவர். நீலகிரியில் படகர்களிடையே ‘குறிஞ்சித் தேன்’, தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரிடையே ‘கரிப்பு மணிகள்’, மீனவர்களிடையே ‘அலைவாய்க் கரையில்’. உப்பளத்தில் வேலை செய்பவரின் கால் எங்கே வெடிக்கிறது, கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை நாற்காலியில் உட்கார்ந்து கற்பனை செய்ய அவர் ஒப்பவில்லை. 1973இல் ‘வேருக்கு நீர்’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது. முதுமையில் ஆதரவின்றி முதியோர் இல்லத்தில் இருக்க நேர்ந்தது, 2014இல் மறைந்தார். அந்த முடிவை நினைத்து இரங்குவது நியாயம். அவரை நினைக்கும்போதெல்லாம் அதை மட்டுமே நினைப்பது அவருக்கு இன்னொரு அநீதி. எனக்கு அவர் ஒரு துணிப்பையும் குறிப்பு நோட்டுமாகப் பஸ் ஏறும் பெண்மணி.

சி.சு. செல்லப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. ‘எழுத்து’ இதழை 1959 ஜனவரியில் தொடங்கி 119 இதழ்கள் நடத்தினார்; புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். இவரைப் பார்த்து உந்துதல் பெறலாம், பின்பற்றச் சொல்லமாட்டேன். அந்தப் பிடிவாதத்துக்கு வேறு வகை எலும்பு வேண்டும். ‘வாடிவாச’லை மட்டும் உடனே படித்துவிடுங்கள், ஒரே மாலையில் முடியும்.

இனி உங்கள் வேலை விஷயம். விடாதீர்கள் என்று கட்டளையிட எனக்கு உரிமையில்லை. உங்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியாது, விட்டு ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மேலே சொன்னவர்களில் அநேகம் பேர் எழுதியது ஏதோ ஒரு வேலையின் ஓரத்தில் உட்கார்ந்துதான், அந்த வேலையே அவர்கள் பக்கங்களுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. நான்கு கதைகள் அச்சில் வந்திருக்கின்றன என்கிறீர்கள். அவற்றில் ஒன்றாவது வங்கிக்குள் நடக்கிறதா? ஓய்வூதியம் வாங்க வரும் கிழவர், நகைக் கடன் மதிப்பிடும்போது தராசையே பார்த்துக்கொண்டு நிற்கும் பெண், கைநாட்டு வைக்க மைப்பெட்டி தேடும் நேரம், இவை எங்களுக்குக் கிடைக்காதவை.

உங்களுக்கு மாதத்தில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் விடுமுறை என்று நினைக்கிறேன். வரும் சனிக்கிழமை காலை ‘செல்லம்மா’ளை எடுத்து முதல் நான்கு பக்கத்தைப் பேனாவால் படியெடுங்கள். கதையின் முதல் வரியிலேயே அவளை இறக்க வைத்துவிடுகிறார். பிறகு எதைச் சொல்லி நம்மைக் கடைசிவரை உட்கார வைக்கிறார் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போங்கள். கை வலிக்கும். வலிக்கிற இடத்தில் நிறுத்தி, நீங்கள் நிறுத்திய வரியைப் பாருங்கள். அடுத்த விடுமுறைச் சனிக்கிழமை மீதியை எழுதுங்கள்.